பின்பக்கம் பார்த்த இருக்கை

ஸ்ட்ரெதமில் கஸ்பரைத் தெரியாதவர்களுக்கும் கஸ்பரின் காரைத் தெரியும். 1979இல் அமெரிக்காவில் செய்த செவர்லே கப்ரீஸ் எஸ்டேட். நீளம் பதினெட்டு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இரு பக்கமும் பலகை அடித்தது போலத் தோன்றும். கிட்டப் போய்த் தட்டினால்தான் அது தகரத்தின் மேல் ஒட்டிய வெறும் படம் என்று தெரியும். ஸ்ரியறிங் இடப்பக்கம். முன்னுக்கு ஆசனமாக ஒரு நீட்டு வாங்கு, நடுவில் இன்னொரு நீட்டு வாங்கு, ஒவ்வொன்றிலும் மூன்று பேர். கடைசியில் மடித்துக் கிடக்கும் சிறிய இருக்கையை நிமிர்த்தினால் இன்னும் இரண்டு பேர் ஏறலாம். அந்தக் கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். அதில் இருப்பவர்களுக்குக் கார் போகிற இடம் தெரியாது, விட்டுவிட்டு வந்த இடம் மட்டும் கடைசிவரை தெரியும்.

கார் நின்றது, அவருடைய பிளாட்டுக்குப் பின்னாலுள்ள கவுன்சில் கராஜ் வரிசையில். மற்றக் கராஜுகளுக்குள் அது அடங்காது. கடைசிக் கராஜ் ஒருகாலத்தில் கவுன்சிலின் புல்வெட்டும் வண்டிகள் நின்ற இடம், அதனால் நீளம் கூட. இருபத்துநான்கு வருடமாகக் கஸ்பர் அதற்கு வாடகை கட்டிவந்தார். 2009 ஜூலையில் கவுன்சில் அறிவித்தல் அனுப்பியது. ஒக்டோபர் முதலாம் தேதி கராஜுகளை இடித்து அந்த இடத்தில் வீடு கட்டப் போகிறார்கள், அதற்குள் எல்லோரும் தங்கள் சாமான்களை எடுத்துவிட வேண்டும்.

கஸ்பருக்கு அப்போது அறுபத்தாறு வயது. தெருவில் காரை விட ஏலாது. அங்கே கோடு போட்டிருந்த பெட்டிகள் சின்னக் கார்களுக்கானவை; அவருடைய கார் நின்றால் மூக்கு ஒருவர் வீட்டு வாசலிலும் வால் இன்னொருவர் வீட்டு வாசலிலும் இருக்கும்.

அப்படியொரு காரில் அவருக்கு ஏற்பட்ட ஆசை, அதை வாங்குவதற்குப் பதின்மூன்று வருடத்துக்கு முந்தையது. 1971 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கவென்று வந்தவர், படிப்பைப் பாதியில் விட்டு, மேற்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்காரர்கள் குடும்பமாக இருந்தார்கள். ஒரு ஞாயிறு காலையில் பச்சை நிறத்தில் ஒரு நீளமான எஸ்டேட் கார் வந்து நின்றது. முன்னுக்குத் தாயும் தகப்பனும், நடுவில் மூன்று பிள்ளைகள் எதற்கோ இழுபறிப்பட்டுக்கொண்டு. கஸ்பர் பின்பக்கம் நின்று பெற்றோல் அடித்தார். தலை நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு சிறுவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு காரில் பிள்ளைகள் இப்படிப் பின்பக்கம் பார்த்து இருப்பார்கள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கார் புறப்பட்டதும் இரண்டு பேரும் கைகாட்டினார்கள். சந்தி திரும்பும்வரை காட்டினார்கள். லண்டனுக்கு வந்து எட்டு மாதத்தில் அவருக்குக் கைகாட்டிய முதல் மனிதர்கள் அவர்கள்தான். பெற்றோல் குழாயைப் பிடித்த கையோடு அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இப்படி நிறைந்த கார் ஒன்று தனக்கும் வேண்டும் என்று அன்று நினைத்தார். கார் கிடைத்தது 1985இல். சஃபோக்கில் இருந்த அமெரிக்கத் தளத்தில் வேலை முடிந்து ஊருக்குப் போகிற ஒருவர் விற்றார். கஸ்பர் அதை ஓட்டிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தியபோது மனைவி றீற்றா வாசலில் நின்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"கப்பல் வாங்கியிருக்கிறியள். கடலையும் வாங்கிப்போட்டோ வந்தனீங்கள்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டில் இருந்தது கஸ்பர், றீற்றா, ஆறு வயது மகள் இசபெல் ஆகிய மூன்று பேர். அதோடு மூன்று பேராக ஒரு நல்ல காரியத்துக்கும் படியிறங்கக் கூடாது என்பது றீற்றாவின் பிடிவாதம். பூசைக்குப் போகும்போதுகூட நாலாவது ஆளாக யாரையாவது வழியில் ஏற்றுவாள். நாலாவது ஆளுக்கு ஒரு மனைவி இருப்பாள், மனைவிக்கு ஒரு தங்கை இருப்பாள். இப்படித்தான் கார் நிறையத் தொடங்கியது.

பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊரில் நிலைமை மோசமாக மோசமாக ஹீத்ரோவுக்குப் போகும் பயணங்கள் கூடின. ஒரு பெட்டியும் ஒரு குளிர்ச்சட்டையும் இல்லாமல் வந்தவர்களை ஏற்றிவந்து, றீற்றா சோறு கொடுத்து, அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிடுவார்கள். கலியாணம் பேசினால் கூறைச்சேலை எடுக்க ஈஸ்ட் ஹாமுக்குப் போவதும் அந்தக் காரில்தான். ஜூலையில் வோல்சிங்கம் மாதா திருவிழாவுக்குப் போகும்போது புளிச்சாதமும் கோழிக்கறியும் மடியில் இருக்கும். பிள்ளைகள் கடைசி இருக்கைக்கு அடிபடுவார்கள். அதில் இருந்து அரை மணித்தியாலத்தில் வயிற்றைப் பிரட்டும். அதற்காக றீற்றா கைப்பையில் தேசிக்காயும் உப்பும் வைத்திருப்பாள். யார் எங்கே இருப்பது என்று தீர்மானிப்பது அவள். கஸ்பர் ஓட்டுவார், அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கதைக்கும்போது அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போவார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான நேரம் இருக்கவில்லை. அதை அவர் ஒருவருக்கும் சொன்னதுமில்லை.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஹாரிச் துறைமுகத்துக்குப் போனது அவருக்கு நல்ல ஞாபகம். டென்மார்க்கிலிருந்து கப்பலில் ஒரு குடும்பம் லண்டனில் குடியேற வந்தது. ஞானேஸ்வரன், கஸ்பரின் தம்பியோடு அங்கே ஒரே மீன் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். அவருடைய மனைவி ஜெயகௌரி, மகன் நிஷாந்தன், மகள் லக்‌ஷிகா. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிறந்து வளர்ந்த ஊரை விட்டுவந்த கோபம். தமிழிலும் கதைக்கவில்லை, டேனிஷிலும் கதைக்கவில்லை. றீற்றா அவர்களைக் கடைசி இருக்கையில் ஏற்றினாள். கப்பலின் புகைபோக்கி மறையும்வரை இரண்டும் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு வந்தன. பெருந்தெருவில் ஏறியதும் பின்னால் வந்த லொறிக்காரனுக்கு நிஷாந்தன் கைகாட்டினான், அவன் ஹோர்ன் அடித்தான், இரண்டும் சிரித்தன. அந்தச் சிரிப்பைக் கேட்டபின்தான் ஜெயகௌரி சாய்ந்து இருந்தாள். அந்தக் குடும்பம் மூன்று மாதம் கஸ்பர் வீட்டில் இருந்துவிட்டு இல்ஃபோர்டுக்குப் போனது.

2005இல் றீற்றா இறந்தாள். இசபெல் திருமணமாகி ரெடிங்கில் இருந்தாள். எல்லோரிடமும் இப்போது ஏழுபேர் இருக்கும் ஜப்பான் கார்கள் இருந்தன. கஸ்பரை ஒருவரும் கைவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் காரை வெளியே எடுத்து, துடைத்து, பக்கத்துப் பொதுப் புல்வெளியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து திரும்ப உள்ளே விட்டார். முன் வாங்கில் ஒருவர், மீதி வெறுமை.

2009 ஏப்ரலில் மட்டும் திடீரென்று தொலைபேசி அடித்தது. ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஆட்கள் இரவு பகலாக நின்றார்கள். போகவர வண்டி காணாது, சோற்றுப் பார்சல் கொண்டு போகவும் ஆள் வேண்டும். ஐந்து வாரம் அந்தக் கார் மறுபடியும் நிறைந்து ஓடியது. ஆனால் அந்த நாட்களில் காருக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. மே மாதத்தின் நடுவில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவருக்கும் எங்கும் போக மனமில்லை, கஸ்பரையும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஜூனில் அந்தக் காரைச் செய்த கம்பனியே அமெரிக்காவில் கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தாகி நீதிமன்றத்துக்குப் போனதாகப் பேப்பரில் வாசித்தார். ஜூலையில் கவுன்சில் அறிவித்தல்.

இசபெல் அதை வாசித்துவிட்டு அரசாங்கத்தின் புதுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பழைய காரை உடைக்கக் கொடுத்தால் புதுக்காரில் விலை கழிப்பார்கள். கொடுக்கிற கார் ஓடுகிற நிலையில், சோதனைச் சான்றிதழோடு இருக்க வேண்டும். சாகப்போகிறதுக்குச் சுகதேகிச் சான்றிதழ் கேட்கிறார்களோ என்று கஸ்பர் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"அப்பா, உண்மையாச் சொல்லுங்கோ. அந்தக் காரிலை இப்ப ஆர் வந்து ஏறுகினம்?"

விற்றுப் பார்க்கலாம் என்றால், போன் பண்ணியவர்களில் ஒருவன் அதைக் கார்களை மோதவிடும் பந்தயத்தில் நொறுக்கவும் மற்றவன் இயந்திரத்தை மட்டும் கழற்றி எடுக்கவும் கேட்டார்கள். கஸ்பருக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆட்கள் வந்துபோகிற ஒரு வீட்டு முற்றத்தில் அந்தக் கார் முழுதாக நிற்க வேண்டும். பிள்ளைகள் ஏறி விளையாடினால் போதும். அவர் மனதில் இருந்த வீடும் ஒன்றே ஒன்றுதான்.

ஞானேஸ்வரன் அந்த வருடம் இல்ஃபோர்டில் மூலை வீடு ஒன்று வாங்கியிருந்தார். கட்டட வேலை செய்பவர்; முன்வளவு முழுவதற்கும் தானே கல்லுப் பதித்திருந்தார். ஓகஸ்ட் கடைசி ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இசபெல் அவரிடம் கராஜ் விசயத்தைச் சொல்லியிருந்தாள் என்பது கஸ்பருக்குத் தெரியும். அதனால் ரெயிலில் போகாமல் காரிலேயே போனார். முதல்நாள் முழுவதும் அதை மெழுகு போட்டுத் துடைத்தார். கடைசி இருக்கையை நிமிர்த்திவிட்டார். முன்வளவில் கொண்டுபோய் விட்டபோது மற்ற இரண்டு கார்களும் நின்றபடியே நின்றன, செவர்லே இடித்துப் பிடிக்காமல் உள்ளே போனது. அந்த இடத்தை அளந்து செய்தது போலிருந்தது. கல்லூரி முடித்த நிஷாந்தன் வெளியே வந்து, அதே கடைசி இருக்கையைக் கண்டு சிரித்து, தன் கால் இப்போது மடங்காது என்றான்.

சாப்பாட்டில் ஜெயகௌரி கஸ்பருக்கு இரண்டாம் முறை சோறு போட வந்தாள். வேண்டாம் என்று கையால் சோற்றுக் கோப்பையை மறைத்தார். கொஞ்சம் எண்டாலும் என்றாள். வயிறு நிறைஞ்சுபோச்சு என்றார். மூன்றாம் முறை அவள் கேட்காமலே போட்டாள், அவர் கையை எடுத்தார். இது எங்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவதில் தலையாட்டலாம். முதல் தரத்திலேயே ஓம் என்பவனைக் காய்ஞ்ச மாடு என்பார்கள்.

சாப்பிட்டு முடித்து இரண்டு ஆண்களும் முன்வளவில் நின்றார்கள். ஞானேஸ்வரன் காரைச் சுற்றி வந்து ரயரைக் காலால் தட்டினார்.

"அண்ணை, கராஜை இடிக்கப் போறாங்களாம் எண்டு இசபெல் சொன்னவ. உங்கட கப்பலைக் கொண்டுவந்து இஞ்சை விடுங்கோவன். இடம் சும்மாதானே கிடக்குது."

கஸ்பர் கேட்க வந்த வார்த்தை அதுதான்.

"சீச்சீ. உங்களுக்கேன் வீண் கரைச்சல்," என்றார்.

"சரியண்ணை," என்றார் ஞானேஸ்வரன். "உங்கட விருப்பம்."

அதோடு அவர் கல்லுப் பதித்த கதையைத் தொடங்கினார். கஸ்பர் கேட்டுக்கொண்டு நின்றார். இடையில் இருமுறை கதையைக் காருக்குத் திருப்பினார். இவ்வளவு நீளத்துக்கு லண்டனில் எங்கே இடம் இருக்கு என்றார். உண்மைதான் என்றார் ஞானேஸ்வரன். தேத்தண்ணி வந்தது. லக்‌ஷிகா வேலையிலிருந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்து மாமா என்றாள். அவர் புறப்பட நேரம் எடுத்தார், சப்பாத்தை மெதுவாகக் கட்டினார். எல்லோரும் வாசலில் நின்று கவனமாகப் போங்கோ என்றார்கள். அந்த நிமிடம்வரை இரண்டாம் தரம் கேட்கப்படும் என்றுதான் அவர் இருந்தார்.

பிளாக்வோல் சுரங்கப்பாதைக்குள் நெரிசலில் நிற்கும்போது அவர் யோசித்துப் பார்த்தார். ஞானேஸ்வரன் கஞ்சன் இல்லை, சும்மா வாய்க்குக் கேட்கிறவரும் இல்லை. ஆனால் டென்மார்க்கில் பதினான்கு வருடம் இருந்தவர். அங்கே ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால் அது அவனை மதிக்காத மாதிரி. தம்பியும் அப்படித்தான் ஆகிவிட்டான். சரி, ஜெயகௌரி எடுத்துச் சொல்லுவாள், போன் வரும்.

போன் வந்தது, இரண்டு கிழமை கழித்து. ஞானேஸ்வரன் சுகம் விசாரித்தார். நிஷாந்தன் தகப்பனோடு தொழிலில் சேர்ந்துவிட்டானாம், நீட்டு வான் ஒன்று எடுத்திருக்கிறானாம்.

"உங்களைக் கேட்டனான்தானே அண்ணை, வேண்டாமெண்டியள். அதாலை வானை அந்த இடத்திலை விட்டாச்சு."

"அதுதான் நல்லது," என்றார் கஸ்பர்.

அப்போது பின்னால் ஜெயகௌரியின் குரல் கேட்டது. எத்தனை தரம் கேட்டனீங்கள் என்று அவள் புருசனை விசாரித்தாள். ஒருதரம் என்று அவர் சொல்வதும் கேட்டது.

"ஒருதரம் கேட்டுப்போட்டு விடுகிறதே? அவர் எங்கட ஆளல்லோ."

பிறகு ஞானேஸ்வரன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணை, உண்மையா வேண்டாமோ? வானை வேறை எங்கையும் விடலாம்."

இது இரண்டாம் தரம். கஸ்பர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெடியன் தொழில் தொடங்கியிருக்கிறான், அவனுடைய வானைத் தெருவில் விடச் செய்வதா என்று யோசித்தார். இன்னும் ஒரு தரம் கேட்டால் ஓம் என்று சொல்லலாம் என்றும் யோசித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில்தான் யோசித்தார்.

"இல்லை ஞானம், வேண்டாம். நான் வேறை ஒழுங்கு செய்திட்டன்."

"அப்ப சரியண்ணை."

கோபப்பட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு தரமும் கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அன்று பின்னேரம் கஸ்பர் இசபெலைக் கூப்பிட்டு, உன் எண்ணப்படி செய் என்றார். அவள் அழுதாள். அதுவும் அவருக்குப் புதினமாக இருந்தது.

செப்டெம்பர் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை காலை, காரை ஏற்ற லொறி வந்தது. இசபெல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கவா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவள் இரண்டாம் தரமும் கேட்டாள், மூன்றாம் தரமும் கேட்டாள், அன்று அவர் கணக்கை மீறி மூன்றுக்கும் வேண்டாம் என்றார். கராஜ் வரிசையில் மற்ற எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். சாரதி ஒரு தடித்த வெள்ளைக்காரன், ஐம்பது வயதிருக்கும். காரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இதையா கொடுக்கிறாய் என்று கேட்டான். கஸ்பர் ஓம் என்றார். லொறியின் பின்பலகையை இறக்கிச் சரிவாக வைத்தான். கம்பியால் இழுத்து ஏற்ற ஆயத்தமானவன் நின்று கஸ்பரைப் பார்த்தான்.

"வேண்டுமென்றால் நீயே ஓட்டி ஏற்று," என்றான் ஆங்கிலத்தில்.

"ஓம்," என்றார் கஸ்பர். சாரதி சொல்லி முடிக்கவும் இல்லை. தமிழில் சொல்லிவிட்டதை உணர்ந்து, ஆங்கிலத்திலும் சொன்னார்.

இடப்பக்கம் ஏறி இருந்தார். திறப்பைத் திருகிய முதல் தரமே பெரிய இயந்திரம் எழும்பியது. கராஜுக்குள்ளிருந்து பின்னுக்கு எடுத்து, திருப்பி, சரிவில் மெதுவாக ஏற்றி, லொறியின் தலைக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தினார். சாரதி பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சில்லுகளுக்குப் பட்டி கட்டக் குனிந்தான்.

கஸ்பர் இறங்கவில்லை. நடு வாங்கைத் தாண்டிப் பின்னுக்குப் போனார். அறுபத்தாறு வயது முழங்காலோடு அது சுகமான பயணமில்லை. கடைசி இருக்கை இல்ஃபோர்டுக்குப் போன நாளிலிருந்து நிமிர்ந்தபடி இருந்தது. அதில் இருந்தார். இருபத்துநான்கு வருடத்தில் அவர் அதில் இருந்ததில்லை. இருக்கை இவ்வளவு தாழ்வென்று தெரியாது, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கண்ணாடிக்கூடாக எல்லாம் தெரிந்தது. மூடிய கராஜ் கதவுகள், கடைசியில் திறந்தபடி அவருடையது, உள்ளே சீமெந்துத் தரையில் நீளமான எண்ணெய்க் கறை. வேறு ஒருவரும் இல்லை.

அவர் கையைத் தூக்கி ஆட்டினார்.

கடைசிப் பட்டியை இறுக்கிவிட்டு நிமிர்ந்த சாரதி அதைக் கண்டான். தனக்குத்தான் என்று நினைத்து, அவனும் கையைத் தூக்கி ஆட்டினான். கஸ்பர் கையை இறக்கவில்லை. சாரதியும் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.